துத்தி இலைக்கும் லேசருக்கும் நடுவில்

மூலத்துக்கு ரப்பர் வளையம் போடுகிற வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஓ.பி.யிலேயே போட்டுவிடுவார்கள். மயக்க ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்து சமைக்கலாம். 1963-இல் அமெரிக்காவில் பாரன் என்கிற அறுவை மருத்துவர் அதற்கான கருவியைச் சீராக்கியதிலிருந்து உலகம் முழுக்கச் செய்துவருகிறார்கள். எனக்கு மூலம் வந்து பல வருஷம் வரைக்கும் இப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லவில்லை. துத்தி இலை சொன்னார்கள். கருணைக்கிழங்கு லேகியம் சொன்னார்கள். "ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வரும், பண்ணிராதே" என்றார்கள். அப்புறம் ஒரேயடியாக லேசருக்குப் போய்விட்டார்கள். நடுவில் இருக்கிற இந்தப் படியை மட்டும் எல்லோரும் தாண்டிப் போனார்கள். அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

நான் மதுரைக்கு வெளியே ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சின்னவன் வயிற்றில் இருந்தபோது, கடைசி மாதங்களில்தான் ஆரம்பித்தது. மாசமாக இருக்கும்போது மூலம் வருவது சகஜம். கர்ப்பப்பை கனத்து இடுப்புப் பகுதி ரத்தக்குழாய்களை அழுத்தும். ஹார்மோன் மாறுவதால் குடல் மெதுவாக வேலை செய்யும். போதாக்குறைக்கு இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கிவிடும். பிரசவத்தில் முக்குவது வேறு. நிறையப் பேருக்குக் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் தானாகவே வற்றிவிடும். எனக்கு வற்றவில்லை.

வலி கிடையாது. மோஷன் போய் முடிந்ததும் பச்சை ரத்தம் சொட்டும். சில நாள் பேசின் முழுக்கத் தெறித்திருக்கும். பிறகு சதை மாதிரி ஒன்று வெளியே வந்து தானாக உள்ளே போனது. இன்னும் கொஞ்ச காலத்தில் அது தானாகப் போவதை நிறுத்தியது. விரலால் தள்ளிவிட வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கூச்சம் இல்லை. படிக்கிற உங்களில் யாராவது தினமும் காலையில் அதையே செய்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு இது தெரிய வேண்டும்: அந்த நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயரே இருக்கிறது, மூன்றாம் நிலை. ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. வெளியே வந்து தானாக உள்ளே போனால் இரண்டாம் நிலை. தள்ளினால்தான் போகும் என்றால் மூன்றாவது. தள்ளினாலும் போகாமல் வெளியிலேயே நின்றால் நான்காவது. எந்த வைத்தியம் பொருந்தும் என்பது பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அறிவியல் டீச்சர் என்பதால் கொஞ்சம் பாடம் எடுத்துக்கொள்கிறேன். செரிமான மண்டலம் நடத்தும்போது இரைப்பைக்கு ஒரு வகுப்பு, சிறுகுடலுக்கு ஒரு வகுப்பு ஒதுக்குவோம். மலக்குடல், ஆசனவாய் என்று வந்ததும் அம்புக்குறி போட்டு முடித்துவிடுவோம். அந்த அம்புக்குறியின் முனையில் நம் எல்லோருக்குமே பிறவியிலிருந்து மூன்று மெத்தைகள் இருக்கின்றன. ரத்தக்குழாயும் தசையிழையும் சேர்ந்த மென்மையான திசு. இருமும்போதும் தும்மும்போதும் காற்றும் நீரும் கசியாமல் ஆசனவாயை இறுக்கமாக மூடி வைப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. மூடுகிற அழுத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அவற்றுடையது என்கிறார்கள். வருஷக்கணக்கில் முக்கி முக்கி, அந்த மெத்தையைத் தசையோடு பிடித்து வைத்திருக்கும் இழைகள் தளர்ந்துபோனால் மெத்தை வீங்கிக் கீழே சரியும். இறுகிய மலம் உரசும்போது ரத்தம் வரும். இதுதான் மூலம். 'சூடு' என்று நம் வீட்டில் சொல்வது இதைத்தான்.

ஆசனவாய்க்குள் சில சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே தொட்டாலும் கிள்ளினாலும் வலி தெரியாது. கீழே, வெளித்தோலில் இருப்பது போலவே வலி சுள்ளென்று தெரியும். உள்மூலம் கோட்டுக்கு மேலே இருக்கிறது, அதனால்தான் ரத்தம் கொட்டினாலும் வலிப்பதில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடுமையான வலி என்றால் அது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று. மோஷன் போகும்போது கத்தியால் கீறுகிற மாதிரி வலித்து, போய்வந்து ஒரு மணி நேரம் வரை எரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம், ஃபிஷர் என்பார்கள். எங்கள் பள்ளி பி.டி. சார் அந்த வலியோடு மாதக்கணக்கில் மூல மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெடிப்புக்கு வைத்தியமே வேறு. இறுகிப்போன தசையைத் தளர்த்த டில்டியாசெம் களிம்பு, வெந்நீரில் உட்காருவது, மலத்தை இளக வைப்பது. களிம்பு போட ஆரம்பித்த பிறகுதான் அவரால் நாற்காலியில் நேராக உட்கார முடிந்தது.

திடீரென்று ஒருநாள் ஆசனவாய் ஓரத்தில் பட்டாணி அளவில் நீலம் பாரித்த கட்டி வந்து உயிர் போகிற மாதிரி வலித்தால், வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கும். முதல் 2, 3 நாளுக்குள் போனால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து எடுத்துவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவதே நல்லது, தானாகச் சுருங்கும். சீழ் வடிந்து, ஆறி, திரும்பத் திரும்ப வடிந்தால் பவுத்திரம். சுவர் விளம்பரங்களில் 'மூலம், பவுத்திரம்' என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோய்கள்.

ஆக, வைத்தியம் தேடுவதற்கு முன்னால் வேண்டியது ஒன்றுதான். யாராவது ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்றால் கண்ணால் பார்க்க வேண்டும்.

எனக்கு முதலில் மருந்து எழுதிக்கொடுத்தவர் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டார், "பைல்ஸ்தான்" என்றார், களிம்பு எழுதினார். நானும் அவர் பார்க்காததில் நிம்மதிதான் பட்டேன். ஆண் மருத்துவர், வெளியே தெரிந்த முகங்கள், கூட வீட்டுக்காரர். இந்த நிம்மதிதான் பெண்களுக்குப் பெரிய எதிரி என்று இப்போது நினைக்கிறேன். பிறகு போன இடத்தில் இருந்தவர் பெண் அறுவை மருத்துவர். அவர் சோதித்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். என்ன நடக்கும் என்று தெரியாத பயத்தில்தானே பாதிப் பேர் போகாமல் இருக்கிறோம்.

திரையை இழுத்துவிட்டார்கள். நர்ஸம்மா மேலே ஒரு துணியைப் போர்த்தினார். "டீச்சர், இடதுபக்கம் திரும்பிப் படுங்க. முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துக்கோங்க. நான் என்ன செய்யப்போறேன்னு சொல்லிட்டுத்தான் செய்வேன்." முதலில் வெளியே பார்த்தார். பிறகு கையுறை விரலில் ஜெல்லி தடவி, "மூச்சை இழுத்து மெதுவா விடுங்க" என்று உள்ளே விட்டுச் சோதித்தார். அடுத்து புரோக்டோஸ்கோப்: கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய், ஒரு விளக்கு. "மூணு மணியில ஒண்ணு, ஏழு மணியில ஒண்ணு, பதினொண்ணுல பெருசா ஒண்ணு" என்று நர்ஸம்மாவிடம் சொல்லிக்கொண்டே எழுத வைத்தார். மல்லாக்கப் படுத்த நிலையில் ஆசனவாயைக் கடிகாரமாக வைத்துப் பேசுவது அவர்கள் வழக்கம். ஜெல்லி சில்லென்று இருந்தது, ஒரு அழுத்தம் இருந்தது, வலிக்கவில்லை. எல்லாம் சேர்த்து ஒரு பஸ் ஸ்டாப்பிங்கில் காத்திருக்கிற நேரம்கூட ஆகவில்லை.

முடித்துவிட்டு அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்கு வயிற்றைக் கலக்கின. வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா? காரணமில்லாமல் எடை குறைந்ததா? மோஷன் போகிற பழக்கம் சமீபத்தில் மாறியதா? ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, கறுத்து வருகிறதா? போய்வந்த பிறகும் முழுசாகப் போகாத மாதிரி இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றாலோ, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக ரத்தம் வந்தாலோ, கொலோனாஸ்கோப்பி பார்க்காமல் 'மூலம்' என்று முடிவு கட்டக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் 'ரத்த மூலம்' என்றே ஒன்றரை வருஷம் நாட்டு மருந்து சாப்பிட்டார். மலக்குடலில் புற்றுக்கட்டி. ஒரு விரல் எட்டுகிற தூரத்தில் இருந்தது என்று அவர் மகள் சொல்லி அழுதாள்.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, பாடம் நடத்தும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பெண்ணுக்கு ரத்தசோகை என்றால் உடனே மாதவிடாய்க் கணக்கில் எழுதிவிடுவார்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை இருந்தது. இவ்வளவு பேரில், "மோஷன் போகும்போது ரத்தம் வருதாம்மா?" என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்கள்? என்னிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. சத்து மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். அது மலத்தை இறுக்கும், இறுகினால் முக்கணும், முக்கினால் ரத்தம் போகும், ரத்தம் போனால் இன்னும் மாத்திரை. டாக்டரம்மா அந்தச் சுற்றை அறுத்தார். இரும்புச்சத்தை டிரிப்பில் ஏற்றினார்கள்.

இனி வளையத்துக்கு வருகிறேன். புரோக்டோஸ்கோப் வழியாக ஒரு கருவியை விட்டு, வீங்கின மெத்தையின் மேல்பகுதியை உறிஞ்சி அல்லது பிடித்து இழுத்து, அதன் கழுத்தில் இறுக்கமான ஒரு குட்டி ரப்பர் வளையத்தை நழுவவிடுகிறார்கள். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வளையம் மாட்டுகிற இடம் நான் சொன்ன அந்தக் கோட்டுக்கு மேலே. அங்கே வலி நரம்பு இல்லாததால்தான் மரத்துப்போகிற ஊசிகூடத் தேவைப்படுவதில்லை. மாட்டிய உடனே சுளீரென்று வலித்தால் கோட்டுக்குக் கிட்டே போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கேயே சொன்னால் அறுத்து எடுத்துவிட்டு மேலே தள்ளிப் போடுவார்கள். ரத்த ஓட்டம் நின்றதும் அந்தத் திசு சுருங்கி, 5 முதல் 10 நாளுக்குள் வளையத்தோடு சேர்ந்து மலத்தில் போய்விடும். பெரும்பாலும் அது போனது தெரியாது. அந்த இடத்தில் ஆறுகிற தழும்பு, மீதி மெத்தையை மேலேயே பிடித்துவைக்கும்.

முதல் நாள் முழுக்க எனக்கு வலி என்று சொல்ல முடியாது, மோஷன் வருகிற மாதிரியே ஒரு உணர்ச்சி. அதை நம்பி உட்கார்ந்து முக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். டப்பில் மிதமான வெந்நீர் விட்டுப் பத்து, பதினைந்து நிமிஷம் உட்கார்ந்தேன், சுகமாக இருந்தது. உப்போ டெட்டாலோ போட வேண்டியதில்லை. வளையம் விழுகிற சமயத்தில் கொஞ்சம் ரத்தம் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். நிற்காமல் கொட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்தாலோ, வலி நாளுக்கு நாள் ஏறினாலோ மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அபூர்வம்தான், ஆனால் சீழ்ப்பிடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சில வார இடைவெளி விட்டு மறுபடியும் போட்டார்கள். ரத்தம் நின்றது. பதினொரு மணிக்காரி அடங்கிவிட்டாள். ஏழு மணியில் இருப்பது எப்போதாவது எட்டிப் பார்க்கிறது.

திரும்ப வராதா என்று கேட்பீர்கள். வரலாம். பிரிட்டனில் 17 ஆஸ்பத்திரிகளில் 372 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2016-இல் வெளியானது. வளையம் போட்டவர்களையும், மெத்தைக்குப் போகும் ரத்தக்குழாயைத் தேடிக் கட்டுகிற அறுவை சிகிச்சை செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் வளையக்காரர்களில் 49 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கு. முதல் பார்வைக்கு வளையம் தோற்ற மாதிரி இருக்கும். ஆனால் தேவைப்பட்டவர்களுக்கு இன்னொரு தடவை வளையம் போட்டதையும் சிகிச்சையின் பாகமாகவே கணக்கிட்டால் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து, அதிக வலி, அதிகச் செலவு. இன்னொரு தடவை ஓ.பி.க்குப் போய்வர எனக்குச் சம்மதம்.

வளையம் எல்லோருக்கும் பொருந்தாது. நான்காம் நிலைக்கும், வெளிமூலமும் சேர்ந்து பெரிதாக இருப்பவர்களுக்கும் வெட்டி எடுப்பதுதான் சரி. என் கொழுந்தனாருக்கு அப்படித்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்தார்கள். முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி கடுமை, அதை யாரும் மறைத்துச் சொல்லக் கூடாது. முதல் மோஷனுக்கு அவர் பட்ட பாட்டை வீடே கேட்டது. ஆறு வாரத்தில் சுத்தமாக ஆறிவிட்டது, இன்றுவரை திரும்பவில்லை. அவருக்குச் செய்த அந்த முறையை 1937-இல் மில்லிகன், மார்கன் முதலானோர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் செய்து எழுதிவைத்தார்கள். அந்த மருத்துவமனையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1835-இல் ஃப்ரெடரிக் சால்மன் என்கிற மருத்துவர் மூலத்தாலும் பவுத்திரத்தாலும் அவதிப்படுகிற ஏழைகளுக்கென்றே ஏழு படுக்கையோடு தொடங்கியது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்கே பவுத்திரத்துக்கு அறுவை செய்தவர் அவர். இந்த நோய்க்காரர்களும் மரியாதையாக ஒரு கட்டிலில் படுத்து வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருத்தருக்குத் தோன்றியிருக்கிறது.

நம் பக்கமும் இதை நேராகப் பார்த்தவர்கள் உண்டு. சுசுருத சம்ஹிதை மூலத்துக்கு நான்கு வழி சொல்கிறது: மருந்து, க்ஷாரம் என்கிற காரப்பொருள், சூடு வைத்தல், அறுவை. நோயின் தன்மையைப் பார்த்து எது என்று முடிவு செய்ய வேண்டும். படிப்படியாகப் போவது என்கிற அந்த அறிவு நம் ஊர் சுவர்களில்தான் காணாமல் போய்விட்டது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் 'ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் குணம்' என்று நம்பர் ஒட்டியிருக்கும். படிக்காத ஆட்கள் அரிக்கும் திரவத்தை அங்கே ஊசியாகப் போட்டு, சதை அழுகி, வழி சுருங்கிப்போய் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

நகரத்தில் சுவருக்குப் பதில் போன். ஒரு இணையப் பக்கத்தில் என் நம்பரைக் கொடுத்ததும் ஒரு பெண் கூப்பிட்டாள். "மேம், ரத்தம் வருதா? வெளியே வருதா? அப்போ லேசர்தான் மேம். நாளைக்கே ஸ்லாட் இருக்கு, இன்ஷூரன்ஸ் நாங்களே பாத்துக்கிறோம்." மருத்துவர் பார்க்கும் முன்னாலேயே சிகிச்சை முடிவாகிவிட்டது. லேசர் பொய் வைத்தியம் இல்லை. இரண்டாம், மூன்றாம் நிலையில் சிலருக்கு நன்றாக உதவுகிறது, வெட்டி எடுப்பதைவிட வலி குறைவு. ஆனால் திரும்ப வருகிற வாய்ப்பு அதிலும் உண்டு, செலவு பல மடங்கு. வளையத்தால் தீரக்கூடிய ஒருத்தியை நேராக அங்கே தள்ளுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. வளையத்தை யாரும் விளம்பரம் செய்யாததற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதில் பெரிதாக லாபம் இல்லை. லேசர் என்று சொன்னால், "எனக்கு எத்தனையாவது நிலை? வளையம் ஏன் போடக் கூடாது?" என்று நேரில் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள். நல்ல காரணம் இருந்தால் அவர் சொல்லுவார்.

எங்கள் வீட்டு அத்தையின் துத்தி இலையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வெங்காயமும் பாசிப்பருப்பும் போட்டுக் கடைந்து தருவார்கள், விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டு. எனக்கு ரொம்பப் பிடிக்கும். கீரை கீரைதான், மலம் இளகும். வெளியே வந்த மூலத்தை அது உள்ளே இழுக்காது, அவ்வளவுதான். "காரம் தொடாதே, கோழி தொடாதே, சூடு" என்பார்கள். இத்தாலியில் 50 மூல நோயாளிகளுக்கு மிளகாய்ப் பொடி மாத்திரையும் வெறும் மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். ரத்தம், வலி, அரிப்பு எதிலும் வித்தியாசம் இல்லை. வெடிப்பு இருப்பவர்களுக்குக் காரம் எரியும், அது வேறு விஷயம். கோழியைச் சாப்பிடலாம், கோழியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் காயை ஒதுக்குவதுதான் பிரச்சினை.

ஏனென்றால் எந்த நிலையாக இருந்தாலும், எந்தச் சிகிச்சை செய்தாலும், அடியில் நார்ச்சத்து இல்லாமல் ஒன்றும் நிற்காது. மொத்தம் 378 பேர் கலந்துகொண்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பில், நார்ச்சத்து எடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். 100 கிராம் வெள்ளை அரிசியில் 3 கிராம்கூடக் கிடையாது, அதே அளவு கேழ்வரகில் 11 கிராம். எங்கள் வீட்டில் ராத்திரி இட்லி போய்க் கேழ்வரகு அடை வந்தது. பள்ளிக்கு முறுக்குக்குப் பதில் கொய்யா, சுண்டல். மீதிக்கு இசப்கோல். ராத்திரி ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர். தண்ணீர் குடிக்காமல் இசப்கோல் மட்டும் போட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். இரண்டு நாளில் 'கேக்கலை' என்று நிறுத்திவிடாதீர்கள், பலன் முழுசாகத் தெரிய வாரக்கணக்கில் ஆகும். களிம்புகள் அரிப்பையும் எரிச்சலையும் அடக்கும், மூலத்தைக் குறைக்காது. ஸ்டீராய்டு சேர்ந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தாமாகத் தொடரக் கூடாது, தோல் மெலிந்துவிடும்.

சாப்பாட்டைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது நேரம். 7.10 பஸ்ஸைப் பிடித்தால்தான் பிரேயருக்கு முன்னால் கையெழுத்துப் போட முடியும். இரண்டு பிள்ளைக்கும் டிபன் கட்டுகிற அவசரத்தில் வயிறு கூப்பிடும்போது போக முடியாது, போகிறபோது வயிறு கூப்பிடாது. பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிப்பறை, தண்ணீர் வருவது அதன் இஷ்டம். அதனால் நாங்கள் தண்ணீரே குடிக்க மாட்டோம். காலையில் நிரப்பிய வாட்டர் பாட்டில் சாயங்காலம் மூடி திறக்காமல் வீடு திரும்பும். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்திலிருக்கிற நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது கல்லாகும். காலையில் எழுந்து சூடாக ஏதாவது குடித்ததும் குடல் தானாக அசையும். நாளிலேயே அது நன்றாக வேலை செய்கிற நேரம் அதுதான். அந்த நேரத்தை நான் அடுப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். இப்போது டிபன் கட்டுவது என் வீட்டுக்காரர், குக்கர் அத்தை பொறுப்பு. காபி குடித்த பிறகு அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. உள்ளே போனால் ஐந்து நிமிஷம், வராவிட்டால் எழுந்துவிடுவேன். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் வைத்துக்கொள்கிறேன், முழங்கால் உயர்ந்தால் வழி நேராகும். போனை வெளியே வைத்துவிடுவேன். பாஸ்டனில் கொலோனாஸ்கோப்பிக்கு வந்த 125 பேரிடம் செய்து 2025-இல் வெளியான ஆய்வில், டாய்லெட்டில் போன் பார்க்கிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமாக இருந்தது. முக்குவதைவிட, ஆதாரமில்லாமல் தொங்கிக்கொண்டு உட்கார்ந்தே இருப்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

எனக்கு வீட்டில் வழி கிடைத்துவிட்டது. பள்ளியில் பெண் பிள்ளைகளும் தண்ணீர் குடிக்காமல்தான் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வயிற்று வலி என்று வந்தாள். கேட்டால் மூன்று நாளாக மோஷன் போகவில்லை, "அங்க பக்கெட் இல்ல டீச்சர்" என்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசினேன். பக்கெட்டும் தாழ்ப்பாளும் வந்துவிட்டன. தண்ணீர்த் தொட்டிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு தங்கச்சி, பிரசவ லீவு முடிந்து வந்தவள், நாற்காலி நுனியில் உட்காருவதைப் பார்த்துத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு, "அக்கா, பால் குடுக்கிறேன்ல, மருந்து சாப்பிடலாமான்னு தெரியல, அதான் சொல்லல" என்றாள். இசப்கோல் குடலைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதில்லை, பாலுக்குப் போகாது, தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொன்னேன். அவளுக்கு வலி இருக்கிறது, அதனால் வெடிப்போ என்று எனக்குச் சந்தேகம், பார்த்தால்தான் தெரியும். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை ஓ.பி.யில் அந்த டாக்டரம்மா இருப்பார். இரண்டு பேரும் பர்மிஷன் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.